பழைய மொறிஸ் மைனரில் பெற்றோல் கோளாறு: தாங்கியில் தொடங்கி ஜெட்டில் முடியுங்கள்

காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆன கார், கச்சான் காற்று அனலாய் வீசும் மத்தியானத்தில் காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்கு நடுவே நெரிசலில் ஊர்ந்து, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோகிறது. பொனட்டைத் திறந்த மறு நிமிடமே யாராவது ஒருவர் காபரேட்டரின் கீழே இருக்கும் நட்டைத் திருகத் தொடங்குவார். அன்றிலிருந்து அந்தக் காருக்கு ஏழரைச் சனிதான். உண்மையான கோளாறு எங்கேயோ இருக்க, ஒழுங்காக இருந்த பெற்றோல்–காற்றுக் கலவையும் கெட்டுப்போய், இனி இரண்டு கோளாறுகளைத் தேட வேண்டியிருக்கும்.

மைனரில் பெற்றோல் போகும் பாதை எளிது. பின்னால் டிக்கித் தரைக்கு அடியில் தாங்கி, அங்கிருந்து காரின் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய குழாய், என்ஜின் அறையின் பின்சுவரில் எஸ்.யூ. கம்பெனியின் மின்பம்ப், பிறகு காபரேட்டரின் புளோட் கிண்ணம் (உள்ளே மிதக்கும் புளோட் பெற்றோல் மட்டத்தைக் காக்கும்), கடைசியில் பெற்றோல் காற்றோடு கலக்க வெளிவரும் சிறு துளையான ஜெட். தேடுவதும் இதே வரிசையில்தான். கலவை நட்டுக்குக் கை போவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இங்கே தரும் அளவுகள் மைனர் 1000 இற்கு உரியவை: 1956 முதல் வந்த 948 சி.சி., 1962 முதல் வந்த 1098 சி.சி. இரண்டும். எஸ்.யூ. காபரேட்டர் பூட்டிய ஒஸ்டின் கார்களுக்கும் தேடும் முறை இதுதான், அளவுகள் மட்டும் மாறும். உங்கள் காரில் இருப்பது எந்த எஸ்.யூ. என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புளோட் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டின் அடிக்கு ஒரு மெல்லிய நைலோன் குழாய் ஓடினால் அது எச்.எஸ்.2. குழாய் இல்லாமல் கிண்ணம் நேரே காபரேட்டரின் அடியில் போல்ட்டால் பூட்டியிருந்தால் அது பழைய எச்2.

தொடங்குமுன்

பற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டுத்தான் பெற்றோல் குழாயில் கை வைக்க வேண்டும். பம்பைச் சோதிக்கும்போது மட்டும் திரும்பப் பூட்டுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பையோ மீன் பொரிக்கும் தாச்சியையோ தேடிப்போகும். ஆகவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். வெளிச்சத்துக்குப் பற்றரி டோர்ச் போதும், வயர் இழுத்த பல்ப் வேண்டாம். தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் இறக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலும் நெஞ்சு வெந்துவிடும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி வரும்போதுதான் பெற்றோல் நுரையீரலுக்குப் போகிறது. நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பெற்றோல் இறக்கக் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் பம்ப் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளக்

பெற்றோல் கோளாறு என்று கராச்சுக்கு வரும் கார்களில் நிறையவே நெருப்புப் பக்க (பிளக்கில் பொறி உண்டாக்கும் பக்க) கோளாறு உள்ளவை. ஸ்டார்ட் ஆகாத காரைப் பத்து விநாடி சுற்றவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து மணத்தால் பெற்றோல் வந்திருக்கிறது, நெருப்பு இல்லை அல்லது பெற்றோல் அளவுக்கு மீறிவிட்டது. உலர்ந்த கரி பிடித்திருந்தால் கலவையில் பெற்றோல் கூட. சுண்ணாம்பு போல வெளிறியிருந்தால் குறைவு.

பிளக் இடைவெளி 0.64 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற்களின் இடைவெளி 0.38 மி.மீ. இவை சரியாக இருந்து, நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் மட்டும் பெற்றோல் பக்கம் வாருங்கள். பொறி மஞ்சளாகச் சோர்ந்து தெரிந்தால் அந்தப் பொயின்ற்களோடு இணைந்த கொண்டென்சரை மாற்றுங்கள். விலை குறைந்த சாமான், ஆனால் சூட்டில் இதுதான் அடிக்கடி கைவிடும்.

தாங்கி

ஒரு கண்ணாடிப் போத்தலில் தாங்கியின் அடியிலிருந்து அரைப் போத்தல் பெற்றோல் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் போத்தலின் அடியில் உருண்டு திரண்டு நிற்கும், சரித்தால் பாதரசம் போல ஓடும். துரு இருந்தால் செம்மண் படிவது போலப் படியும். மணம் வார்னிஷ் போல இருந்தால் அந்தப் பெற்றோல் செத்துவிட்டது. 2022 தட்டுப்பாட்டில் ஓடாமல் நின்று, பிறகு அப்படியே மறந்துபோன கார்களை இப்போது எழுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. பழைய பெற்றோலோடு புதியதைக் கலந்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். பிசின் பம்புக்கும் ஜெட்டுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாரி காலத்தில் மட்டக்களப்புக் காற்றில் ஈரம் மிகுதி. தாங்கி அரைகுறையாக இருந்தால் இரவில் அந்த ஈரம் உள்சுவரில் வியர்த்து அடியில் சேரும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால் தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள்.

அடுத்தது மூடி. தாங்கிக்குள் காற்றுப் போக மூடியில் சிறு துளை உண்டு. அது அடைத்தால் பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கார் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நின்றால் திரும்பவும் ஓடும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு அதுதான். நம் ஊரில் இந்தத் துளையை அடைப்பது பெரும்பாலும் வேட்டுவன் குளவி. ஒரு மாதம் நின்ற காரில் எந்தச் சிறு துளையையும் அது மண்ணால் பூசிவிடும். புளோட் கிண்ண மூடியின் காற்றுத் துளையையும் அதோடு பாருங்கள். மெல்லிய கம்பியால் குத்தினால் மண் உதிரும், ஆனால் உதிரும் மண் உள்ளே விழாதபடி மூடியைக் கழற்றிவிட்டுக் குத்துங்கள்.

துரு கூடுதலாக இருந்தால் தாங்கியை இறக்கத்தான் வேண்டும். பெற்றோல் முழுவதையும் எடுத்து, பெற்றோல் மட்டம் காட்டும் மீற்றர் யூனிற்றைக் கழற்றி, துளைகளை அடைத்து, 5 லீற்றர் வினாகிரியும் ஒரு கை நிறையக் கழுவிய சிறு கூழாங்கல்லும் போட்டுக் குலுக்குங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் புரட்டி வைத்தால் இரண்டு நாளில் துரு கரைந்து இறங்கும். கல்லை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஒருமுறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். காய்ந்த கையோடு கொஞ்சம் பெற்றோல் ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றாவிட்டால் மறுநாளே துரு பூக்கும். ஓட்டை தெரிந்தால் நீங்களாக வெல்டிங் பிடிக்க வேண்டாம். காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, உள்ளே நிற்கும் ஆவி குண்டாக வெடிக்கும்.

பம்ப் பேசுவதைக் கேளுங்கள்

எஸ்.யூ. பம்பைப் போலத் தன் நோயைத் தானே சொல்லும் சாமான் இந்தக் காரில் வேறு இல்லை. இக்னிசனைப் போட்டால் வேகமாக ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது நிதானமாக அடிக்கும்.

சத்தமே இல்லை என்றால் முதலில் பம்பின் முனையில் 12 வோல்ற் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். வந்தால் எர்த் வயரைப் பாருங்கள். கடலும் வாவியும் இரு பக்கமும் இருக்கும் கல்லடி, ஆரையம்பதி போன்ற இடங்களில் உப்புக்காற்று அந்த எர்த் முனையில் பச்சை பிடிக்க வைக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்டினாலே பல பம்புகள் உயிர் பெறும். அதுவும் சரியென்றால் ஸ்க்ரூட்ரைவரின் மரப்பிடியால் பம்பின் உடலில் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் உள்ளே பொயின்ற் கருகியிருக்கிறது. கறுப்பு மூடியைக் கழற்றி, தடித்த கடதாசித் துண்டொன்றைத் தின்னரில் நனைத்துப் பொயின்ற்களுக்கு நடுவே கொடுத்து இழுங்கள். கருகல் போகாவிட்டால் மட்டும் 800 நம்பர் எமரி கடதாசி, அதுவும் இரண்டு இழுப்பு.

நிற்காமல் வேகமாக அடித்தால் தாங்கி வெறுமை, இல்லையேல் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கேயோ காற்று இழுக்கிறது. பம்பிலிருந்து வெளியே போகும் ஹோஸின் நுனியைப் பெற்றோல் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்திப் பாருங்கள். முதலில் வரும் குமிழி அடங்கிய பிறகும் தொடர்ந்து குமிழி வந்தால் காற்றுக் கசிவு உறுதி. குழாய் மூட்டுகளையும் அடிப்பக்க அரிப்பையும் தேடுங்கள்.

என்ஜினை நிறுத்தி இக்னிசன் மட்டும் போட்டிருக்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்றால், பெற்றோல் எங்கேயோ நழுவுகிறது. காபரேட்டர் ஹோஸை இறுக்கிப் பிடியுங்கள். சத்தம் நின்றால் கோளாறு, கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் புளோட் நீடிலில், நிற்காவிட்டால் பம்பின் வால்வில்.

மிக மெதுவாக, திணறித் திணறி அடித்துப் பம்ப் சூடானால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. பம்பின் அடியில் பித்தளை அறுகோண போல்ட்டைக் கழற்றினால் அதோடு ஒரு சிறு வலை வரும். அதைக் கழுவுங்கள். பிறகு உள்வரும் குழாயைக் கழற்றிவிட்டு இக்னிசனைப் போடுங்கள். பம்ப் விடுபட்டது போல் ஓடினால் அடைப்பு குழாயிலோ தாங்கியிலோ இருக்கிறது. பம்பிலிருந்து முற்றாகப் பிரித்த குழாயில் பின்னோக்கிக் காற்று அடியுங்கள், தாங்கி மூடி திறந்திருக்கட்டும்.

அடுத்து அளந்து பாருங்கள். வெளிவரும் ஹோஸை அளவுப் போத்தலில் விட்டு 30 விநாடி ஓட விடுங்கள். மைனரில் வரும் நல்ல எல் வகை எஸ்.யூ. பம்ப் ஏறக்குறைய 300 மி.லீ. தரும். 200 இற்குக் கீழே போனால் அது சோர்ந்த பம்ப். நம் மாவட்டங்களின் சமதரையில் அந்தச் சோர்வு தெரியவே தெரியாது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் போய்வரக் குறையே சொல்ல முடியாது. செங்கலடியிலிருந்து பதுளைப் பாதையில் போய் லுணுகலை ஏற்றம் தொடங்கும்போதுதான் மூன்றாம் கியரில் இழுவை செத்து, கார் முன்னும் பின்னும் உலுக்கும். தூரப் பயணத்துக்கு முன் இந்த அளவைக் கட்டாயம் எடுங்கள்.

பம்பை மாற்றுவதானால் இரண்டு விடயம். முதலாவது அழுத்தம். யப்பான் காருக்கான மின்பம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று பூட்டினால் அதன் 4, 5 பி.எஸ்.ஐ. அழுத்தம் புளோட் நீடிலைத் தள்ளித் திறந்து பெற்றோலைக் கொட்டும். இந்தக் காபரேட்டருக்கு 1 முதல் 2.5 பி.எஸ்.ஐ. போதும். இரண்டாவது எர்த். மைனர்களில் பெரும்பாலானவை பற்றரியின் பொசிற்றிவ் முனை எர்த்தாகப் பிறந்தவை, பிறகு பலர் மாற்றியிருக்கிறார்கள். எலெக்ட்ரோனிக் பம்ப் வாங்கும்போது உங்கள் காரின் எர்த் எது என்று பார்த்துச் சொல்லி வாங்குங்கள். மாறிப் பூட்டினால் அந்தக் கணமே எரிந்துவிடும்.

ஹோஸும் ஃபில்டரும்

பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே தோல் உரிந்து மடிந்து வழியை மறைக்கும். மடித்துப் பார்க்கும்போது சிறு வெடிப்புத் தெரிந்தாலே வெட்டி எறியுங்கள். உள் விட்டம் 6 மி.மீ., எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட பெற்றோல் ஹோஸ் வாங்குங்கள். தண்ணீர் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் கல்லாகி, கிளிப்பிலிருந்து கழன்று சூடான மெனிபோல்டின் மேலே பெற்றோலை ஊற்றும். கார் எரிவது இப்படித்தான்.

ஃபில்டரைப் பம்புக்கும் காபரேட்டருக்கும் நடுவில் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் வைத்தால் ஏற்கெனவே மெலிந்த பம்புக்குப் பாரம் கூடும்.

புளோட் கிண்ணம்

காபரேட்டரிலிருந்து பெற்றோல் சொட்டுகிறதா? கிண்ண மூடியைக் கழற்றுங்கள். அடியில் சேறு இருந்தால் துணியால் துடைத்து, நீடிலையும் அதன் இருக்கையையும் கழுவிக் காற்றடியுங்கள். நீடிலின் கூம்பில் நகத்தை ஓட்டினால் ஒரு வளையம் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது. நீடிலையும் இருக்கையையும் சோடியாகவே மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் விற்கும் றிப்பேர் கிற்றில் இரண்டும் கேஸ்கட்களோடு வரும்.

புளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. பித்தளைப் புளோட்டின் ஓட்டை எங்கே என்று தெரியச் சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டும். ஈயம் வைத்தால் பாரம் கூடி மட்டம் ஏறும், ஆகவே புதியது போடுவதே நல்லது.

மட்டத்துக்குத் தனிக் கருவி தேவையில்லை, ட்ரில் பிட்டின் தண்டு போதும். எச்2 இல் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, புளோட் தள்ளும் கவட்டு நெம்புகோலுக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே 11.1 மி.மீ. பிட் சறுக்கிப் போகும் நிலையில் நீடில் மூடியிருக்க வேண்டும். எச்.எஸ்.2 இல் அதேபோல 3.2 மி.மீ. பிட். வளைக்க வேண்டியிருந்தால் நெம்புகோலின் கழுத்தில் வளையுங்கள், நீடில் தொடும் இடத்தில் அல்ல.

பிஸ்டன், எண்ணெய், ஜெட்

காற்று வடிகட்டியைக் கழற்றி, விரலால் காபரேட்டர் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். தடங்கலில்லாமல் இறங்கி அடியில் ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். இடையில் நின்றால் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மணிபோன்ற மேல்கூட்டைத் தூக்குங்கள். திரும்ப அதே நிலையில் பூட்ட முதலில் ஒரு அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் தின்னரால் கழுவித் துடையுங்கள். எமரி கடதாசி பக்கத்திலேயே வரக் கூடாது. கூடும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து செய்த சோடி, வேறு காபரேட்டரின் கூட்டை இதற்குப் போட முடியாது. கழுவியும் ‘டக்’ கேட்காவிட்டால் ஜெட் நடுவில் இல்லை, பிஸ்டனின் அடியில் நிற்கும் நீடிலில் உரசுகிறது. ஜெட்டைப் பிடிக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுதாக மேலே தள்ளி, பிஸ்டனைக் கீழே அமுக்கிப் பிடித்தபடி இறுக்குங்கள். சத்தம் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்பட்டால் சரிவராது.

மேல்மூடியைக் கழற்றினால் அதோடு ஒரு தண்டு வரும். அதன் கீழே நிற்க வேண்டியது எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய். தண்டை மெதுவாக இறக்கும்போது, மூடி கூட்டைத் தொட 6 மி.மீ. இருக்கையில் தடை உணர்ந்தால் அளவு சரி. எண்ணெய் வற்றினால் அக்ஸிலேற்றரை மிதித்ததும் கார் ஒரு கணம் விக்கும். 20W-50 என்று விற்கும் என்ஜின் எண்ணெயை அவசரத்துக்கு ஊற்றலாம், ஆனால் கெட்டி, பிஸ்டன் சோம்பி எழும்.

சோக் கேபிளை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், விட்டால் முழுதாக மேலே வர வேண்டும். உப்பும் தூசும் பிடித்த கம்பியில் அது பாதியில் நின்றுவிடும். பெற்றோல் செலவு திடீரென்று கூடி, புகை கறுத்தால், காபரேட்டரின் அடியில் விரலை வைத்து ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். அரை அங்குலம் மேலே போய் என்ஜின் சீரானால் வேலை முடிந்தது. கம்பியைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். நம் வெப்பத்தில் சோக் ஒரு நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது.

வேண்டாத காற்று

ஸ்டார்ட்டில் (அக்ஸிலேற்றரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) ஓட்டம் ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கினால் காபரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் இடைப்பட்ட கேஸ்கட்டில் காற்று நுழைகிறது. பூ மரத்துக்குத் தெளிக்கும் போத்தலால் அந்த மூட்டுகளில் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். ஓட்டம் மாறும் இடம் கசிவு. அக்ஸிலேற்றர் இயக்கும் திரொட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் லேத் கடையில் புஷ் போட வேண்டும். சம்மாந்துறை வயல் பக்கம் ஓடும் கார்களில் அறுவடைக்குப் பிறகு காற்று வடிகட்டியில் உமித்தூசு நிறையும். 948 இன் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி என்றால் எண்ணெயை மாற்றுங்கள், 1098 இன் கடதாசி வடிகட்டி என்றால் புதியது போடுங்கள்.

சூட்டில் நின்றால்

இந்த என்ஜினில் காபரேட்டர், புகை மெனிபோல்டின் நேர் மேலே இருக்கிறது. ஆகவே நெரிசலில் காற்றோட்டம் குறைந்தால் பெற்றோல் கொதிக்கும். ஆனால் சூட்டில் நிற்கும் கார் எல்லாமே அதனால் நிற்பதில்லை. நிழலில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து, இக்னிசனைப் போட்டுப் பம்பைக் கேளுங்கள்.

பம்ப் பைத்தியம் பிடித்தது போல் அடித்தால் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது. ஈரத் துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடி நிதானமானால் சந்தேகமே இல்லை.

பம்ப் அமைதி, பெற்றோல் மணம் தூக்கலாக இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் கிண்ணம் கொதித்து என்ஜினுக்குள் வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல், அக்ஸிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி சுற்ற விடுங்கள். மிதித்து மிதித்து எடுப்பதில் பயனில்லை, எஸ்.யூ.வில் மிதிக்கும்போது பெற்றோல் பீச்சும் பம்ப் கிடையாது.

பம்ப் அமைதி, பெற்றோலும் சரி, பிளக்கில் பொறி இல்லை என்றால் கொயில் அல்லது கொண்டென்சர் சூட்டில் கைவிட்டிருக்கிறது.

ஆவி அடைப்புக்கு நிரந்தர மருந்து: குழாயைப் புகைக் குழாயிலிருந்து குறைந்தது 5 செ.மீ. விலக்குங்கள், காபரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த பேக்லைட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டைச் சூட்டு மறைப்பாகக் கொடுங்கள். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபான் பெல்ட் இரண்டும் இருக்கும்வரை இவை எதுவும் முழுதாகப் பலன் தராது.

கடைசியாகக் கலவை

மேலே உள்ள எல்லாம் சரியான பிறகே இது. கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை ஒருமுறை போய் வந்து என்ஜினைச் சூடாக்குங்கள். முற்றாகக் குழம்பிய காபரேட்டர் என்றால் சூடாக்குமுன், ஜெட் உள்ளே பாலத்தோடு (பிஸ்டன் உட்காரும் மேடை) மட்டமாகும்வரை ஜெட்டின் அடியில் உள்ள கலவை நட்டை மேலே ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு பட்டை), கீழே இறக்கித் தொடங்குங்கள். நட்டு கீழே போனால் பெற்றோல் கூடும், மேலே போனால் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான்.

இனி பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும், அதாவது கிரெடிட் கார்ட்டின் தடிப்பளவு, தூக்குங்கள். ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. உடனே சோர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் ஏறி, பிறகு பழைய ஓட்டத்துக்கே வந்தால் சரி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால், ஒருமுறை ஓட்டத்தைக் கூட்டி பிளக்கைத் துப்புரவாக்கிவிட்டுத் தொடருங்கள்.

மறுநாள் இருபது கிலோமீற்றர் ஒரே வேகத்தில் ஓட்டி, ஸ்டார்ட்டில் விடாமல் உடனே நிறுத்தி, நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரேமாதிரி இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நட்டில் பெயின்ற் புள்ளி ஒன்று வைத்துவிடுங்கள். அடுத்த முறை யார் திருகினாலும் தெரியும்.